எந்தப் பக்கத்தில் உள்ளது?

பள்ளி திறந்த முதல் வாரத்தில், பிள்ளையின் கையில் இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்து, 'பெற்றோர் படித்துக் கையொப்பமிட்டு அனுப்புக' என்று ஆங்கில ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தால், நம்முள் பலர் என்ன செய்திருப்போம்? கட்டண விவரமோ சீருடை விவரமோ என்று எண்ணிப் படியாமலே கையொப்பமிட்டிருப்போம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் குடியேறியுள்ள நம் பழைய மாணவர் ஒருவரும் அவ்வாறே செய்தார். அத்தாளில் எழுதியிருந்தது யாதென அவர் ஊன்றிப் படித்தது, ஆறு வாரம் கழித்து, மகளின் முதல் கட்டுரை திரும்பி வந்த நாளில்தான்.

சென்ற ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் குடும்பத்துடன் ஊருக்கு வந்திருந்தார். ஒரு மாலை நம் இல்லத்திற்கு வந்தவர், கைப்பேசியில் படமாக வைத்திருந்த அத்தாளை நமக்கும் காட்டினார். பதினைந்து வயது மகளும் உடனிருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கிய பேச்சு, இரவு உணவு ஆறிப் போகும் வரை நீண்டது. அன்று கேட்டவற்றையும், அதன்பின் நாமே தேடிப் படித்தவற்றையும் வாசகர்கள் முன் வைக்கின்றோம்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள நான்கு வகுப்புகள். அந்நாட்டில் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. இலக்கிய வகுப்பில் எந்த நாவலை, எந்த நாடகத்தைப் பயிற்றுவது என்பதைப் பெரும்பாலும் அந்தந்த மாவட்டமும் பள்ளியும் ஆசிரியருமே முடிவு செய்கின்றனர். ஒரே வகுப்பில் பயிலும் பிள்ளைகளுக்கும் ஆங்கிலப் பாடம் ஒரே தரத்தில் அமைவதில்லை. பொது வகுப்பு ஒன்று. அதனினும் கடினமான 'ஆனர்ஸ்' வகுப்பு மற்றொன்று. மேல் வகுப்புகளில், கல்லூரிப் பாடத்திற்கு இணையான 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' வகுப்பும் உண்டு. அதற்கு ஆண்டுதோறும் மே மாதத்தில் தேர்வு நடத்தி, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுகின்றனர். ஆனர்ஸ் வகுப்பில் பெறும் 'ஏ' தரத்திற்கு நான்கு புள்ளிக்குப் பதிலாக நாலரையோ ஐந்தோ வழங்கும் பள்ளிகள் பல. கல்லூரியில் இடம் பெற இப்புள்ளிகள் உதவுமாதலால், பெற்றோர் தம் பிள்ளையை அவ்வகுப்பில் சேர்க்க முந்துவது இயல்பே.

'ஆனர்ஸ்' என்னும் சொல் நம் முதியோர் செவிக்குப் புதிதன்று. பி.ஏ. ஆனர்ஸ் படித்தவர் தெருவில் நடந்து வந்தால் திண்ணையில் இருப்பவர்கள் எழுந்து நின்ற காலம் ஒன்றிருந்தது. நம் மாணவரும் மகள் ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்தாள் என்றதும் ஊரிலுள்ள உறவினர் அனைவருக்கும் தொலைபேசியில் தெரிவித்தாராம்.

இனித் தாளில் கண்டவற்றைச் சொல்வோம். குறிப்பிட்ட நூலைக் கோடை விடுமுறையிலேயே படித்து முடித்தல் வேண்டும். ஒவ்வொரு நாளும் குறித்த அதிகாரங்களை முன்னதாகவே படித்து, குறிப்பெழுதிக் கொண்டு வருதல் வேண்டும். தாமதமாகத் தரும் கட்டுரைக்கு மதிப்பெண் குறையும். பிறர் எழுத்தைத் தன் எழுத்தென்று காட்டினால் பூச்சியம். இவையெல்லாம் எந்தப் பள்ளியும் சொல்லக் கூடியனவே. தந்தையைத் திகைக்க வைத்தவை வேறு இரண்டு. வகுப்பில் நடைபெறும் கலந்துரையாடலில் பங்கு கொள்வதற்கும் மதிப்பெண் உண்டு. பேசாதிருந்தால் அது குறையும் என்பது ஒன்று. நூலைப் பற்றிக் கூறும் எக்கருத்துக்கும் நூலிலிருந்தே சான்று காட்டுதல் வேண்டும். ஆசிரியை சொன்னார் என்பது சான்றாகாது என்பது மற்றொன்று.

"சார், வகுப்பில் வாய் திறவாதிருப்பதே நல்லொழுக்கம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவரே தாங்கள்தானே!" என்று கூறி அவர் சிரித்தார். நாமும் சிரித்தோம். ஆயினும் அச்சிரிப்பு நமக்கு முழுமையாக வரவில்லை.

அச்சிறுமி எட்டாம் வகுப்பு வரை நம் மாவட்டத்திலேயே பயின்றவள். ஆங்கிலத்தில் தொண்ணூற்றைந்துக்குக் குறைந்து மதிப்பெண் பெற்றதில்லை. அங்கு அவளுக்குப் பாடமாக வந்த நூல், ஹார்ப்பர் லீ என்னும் அம்மையார் எழுதி 1960ஆம் ஆண்டில் வெளிவந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்னும் நாவல். அதில் வரும் வழக்கறிஞர் ஆட்டிக்கஸ் ஃபின்ச்சைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணித்தனர். நம் பிள்ளை எழுதினாள்: ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பு, 1961ஆம் ஆண்டில் அந்நாவல் புலிட்சர் பரிசு பெற்ற செய்தி, இது அழியாப் புகழ் கொண்ட படைப்பு என்னும் பாராட்டு, பின்னர் ஆட்டிக்கஸ் நேர்மையாளர், அஞ்சாதவர், அன்புள்ளவர் என அடுக்கிய அடைமொழிகள். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. கையெழுத்தோ முத்து முத்தாக. 'சி' தரம் கிடைத்தது.

ஓரத்தில் நான்கு இடங்களில் ஒரே கேள்வி சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்ததாம்: எந்தப் பக்கத்தில் உள்ளது? முடிவில் இன்னொரு கேள்வி: இது உன் கருத்தா? தந்தைக்குச் சினம் பொங்கிற்று. தம் மகள் பார்த்தெழுதினாள் என்று குற்றம் சாட்டுவதாகவே அவர் எண்ணினார். உண்மையில் அது குற்றச்சாட்டு அன்று; விடை வேண்டிக் கேட்ட கேள்வியே. அவ்வாறான கேள்வியை அவர் தம் பள்ளி வாழ்வில் ஒருமுறையும் சந்தித்திராததால் அதனை அவரால் இனங்காண இயலவில்லை.

அப்பிழையில் நமக்கும் பங்குண்டு. முப்பதாண்டுகளுக்கு மேலாக ஆங்கில ஆசிரியப் பணி ஆற்றினோம். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தை எத்தனை முறை நடத்தினோம் என்பதற்குக் கணக்கில்லை. போர்ஷியாவின் பாத்திரப் படைப்பை நாம் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதினர். எழுதியதை மனப்பாடம் செய்தனர். மனப்பாடம் செய்ததைத் தேர்வில் எழுதினர். அவ்வளவு ஆண்டுகளில் போர்ஷியாவைப் பற்றி நாம் சொன்னதற்கு மாறாக ஒரு மாணவனும் எழுதியதில்லை. அதனை அன்று நம் வெற்றியாகவே கருதினோம்.

அமெரிக்க வகுப்பறையிலும் இப்பழக்கம் இயல்பாக முளைத்துவிடவில்லை. 1938ஆம் ஆண்டில் இரண்டு நூல்கள் வெளிவந்தன. கிளீன்த் புரூக்ஸ், ராபர்ட் பென் வாரன் என்னும் இருவர் இணைந்து எழுதிய 'அண்டர்ஸ்டாண்டிங் பொயட்ரி' ஒன்று. கவிஞனின் வாழ்க்கைக் குறிப்பைச் சொல்லிக் கொண்டிராமல், கவிதையின் சொற்களையே உற்றுநோக்கப் பழக்கியது அந்நூல். லூயிஸ் ரோசன்பிளாட் என்னும் அம்மையார் எழுதிய 'லிட்டரேச்சர் ஆஸ் எக்ஸ்ப்ளொரேஷன்' மற்றொன்று. வாசிக்கின்றவன் தன் சொந்த வாழ்வைக் கொண்டு வந்து நூலைச் சந்திக்கும்போதே இலக்கியம் உயிர் பெறுகிறது என்பது அவர் கொள்கை. ஒன்று நூலின் பக்கம் இழுத்தது. மற்றொன்று வாசகன் பக்கம் இழுத்தது. 'எந்தப் பக்கத்தில்?' என்ற கேள்வி முன்னதன் வழி வந்தது எனின், 'இது உன் கருத்தா?' என்பது பின்னதன் வழி வந்தது. இன்றைய நல்லாசிரியர் இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி உழுகின்றனர்.

பேசாத பிள்ளை

பெற்றோர் சந்திப்பு நாளன்று தந்தை பள்ளிக்குச் சென்றார். சினத்துடன் சென்றவர், சற்றுக் குழப்பத்துடன் திரும்பினார். அவ்வாசிரியை கூறியது இது: "உங்கள் மகள் படிக்காதவள் அல்லள். அவள் புத்தகத்தில் எழுதி வைத்துள்ள குறிப்புகளை நான் பார்த்தேன். ஆனால் அவளிடம் என்ன இருக்கிறது என்பது வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அது அவர்களுக்கு இழப்பு." மகள் பேசாததால் மகளுக்குத்தான் நட்டம் என்று எண்ணியிருந்தவருக்கு இது புதுமையாகத் தோன்றியது.

கலந்துரையாடலுக்கு அங்கு இத்தனை மதிப்பு ஏன்? இதற்கு ஒரு வரலாறு உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிலிப்ஸ் எக்ஸிடர் அகாடமி என்னும் பழம்பெரும் பள்ளி உள்ளது, 1781இல் நிறுவப்பட்டது. எட்வர்ட் ஹார்க்னஸ் என்னும் செல்வர், 1930ஆம் ஆண்டில் அப்பள்ளிக்குப் பெருநன்கொடை அளித்தார். 58 லட்சம் டாலர். கட்டடத்தில் தம் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கற்பிக்கும் முறையே மாற வேண்டும் என்றார். வரிசை வரிசையாகப் பெஞ்சுகள் போட்டு, ஒருவர் பேசப் பலர் கேட்கும் முறை நீங்க வேண்டும். ஒரு மேசையைச் சுற்றி ஆசிரியரும் மாணவரும் அமர வேண்டும். கெட்டிக்காரன் மட்டுமன்றிச் சாதாரண மாணவனும் துணிந்து வாய் திறக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். இதற்கென்றே நீள்வட்ட மேசைகள் செய்யப்பட்டன. பன்னிரண்டு பேரளவில் அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசலாம். அவ்வசதி எல்லாப் பள்ளிக்கும் வாய்க்காது. இருபத்தைந்து, முப்பது பிள்ளைகள் உள்ள அரசுப் பள்ளியில் நாற்காலிகளை வட்டமாக நகர்த்தி, உள்வட்டத்தினர் பேச வெளிவட்டத்தினர் கேட்டுக் குறிப்பெடுக்கும் வகையில் நடத்துகின்றனர். சில ஆசிரியர் ஒரு தாளில் மாணவர் பெயர்களை வட்டமாக எழுதி, யார் பேச்சுக்கு யார் விடை சொன்னார் என்று கோடு இழுத்துக் காட்டுவர். பேசி முடிந்ததும் அத்தாளைப் பிள்ளைகளிடமே காட்டினால், இரண்டு மூன்று பெயரில் கோடுகள் பின்னிக் கிடப்பதும், சில பெயர்கள் கோடு தொடாமல் தனித்திருப்பதும் வெட்ட வெளிச்சமாகும். அதிகம் பேசியவர்களுக்கும் அது ஒரு பாடம்.

மற்றொரு செய்தி நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. மேரி பட் ரோ என்னும் கல்வியாளர், 1970களில் தொடக்கப் பள்ளிகளின் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர் கேள்வி கேட்டபின் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு வினாடி அளவே என்று கண்டார். அதனை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது, விடைகள் நீண்டன. அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினர். மூன்று வினாடி என்பது பெரிதா என்று வாசகர்கள் எண்ணலாம். பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மௌனமாக மூன்று எண்ணிப் பாருங்கள். நாம் முயன்று பார்த்தோம். இரண்டில் நம் நாக்கு துடித்துவிட்டது.

நம் சிறுமிக்கு மூன்று வினாடியும் போதவில்லை. அவள் முதலில் தமிழில் எண்ணி, அதனை ஆங்கிலத்தில் கோத்து, உச்சரிப்பைச் சரிபார்த்து, கையை உயர்த்துவதற்குள் பேச்சு வேறிடம் சென்றுவிடும். அவளுக்கு வாய்ப்பாக அமைந்தது அவ்வகுப்பின் மற்றோர் ஏற்பாடு. இரவு ஒன்பது மணிக்குள் ஆசிரியை கொடுத்த ஒரு கேள்விக்கு ஒவ்வொருவரும் கணினி வழியாக ஒரு பத்தி எழுதி, வகுப்பினர் அனைவரும் படிக்கும்படி வைத்தல் வேண்டும். பின்னர் வகுப்புத் தோழர் இருவரின் எழுத்துக்கு விடை எழுதுதல் வேண்டும். 2020 மார்ச் மாதத்தில் நோய்த்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது இவ்வழக்கம் எங்கும் பரவியது. பள்ளிகள் திறந்தபின்னும் பல வகுப்புகளில் நிலைத்துவிட்டது.

இதற்கும் விதிகள் உண்டு. 'நன்று', 'ஒப்புக்கொள்கிறேன்' என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை. மறுப்பதாயின், எதிரில் உள்ளவர் சொன்னதை அவரே 'ஆம், நான் சொன்னது இதுதான்' என்று ஏற்கும் வகையில் முதலில் எடுத்துரைத்து, அதன்பின்னரே மறுத்தல் வேண்டும். கருத்தை மறுக்கலாம், ஆளை இகழக் கூடாது. (நம் பங்குப் பேரவைக் கூட்டத்தில் இவ்விதியை ஒரு மாதம் நடைமுறைப்படுத்தினால் என்னவாகும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தோம். கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றே தோன்றுகிறது.)

ஷெரீப் செய்தது சரியா?

அவ்வாண்டில் அவ்வகுப்பினரைப் பெரிதும் கலக்கிய கேள்வி, நாவலின் முப்பதாம் அதிகாரத்திலிருந்து எழுந்தது. கதையை அறியாத வாசகர்களுக்காகச் சுருங்கச் சொல்வோம். அலபாமா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில், 1930களில், டாம் ராபின்சன் என்னும் கறுப்பினத் தொழிலாளி, வெள்ளைப் பெண் ஒருத்தியைக் கெடுத்ததாகப் பொய்க் குற்றம் சாட்டப்படுகிறான். ஆட்டிக்கஸ் அவனுக்காக வாதாடுகிறார். அவன் குற்றமற்றவன் என்பது தெளிவாகியும், வெள்ளையரே அமர்ந்த நடுவர் குழு அவனைக் குற்றவாளி என்கிறது. பின்னர்ச் சிறையிலிருந்து தப்ப முயல்கையில் சுட்டுக் கொல்லப்படுகிறான். அப்பெண்ணின் தந்தை பாப் யூவல், வஞ்சம் தீர்க்க, ஆட்டிக்கஸின் இரு பிள்ளைகளை இருளில் தாக்குகிறான். பல்லாண்டுகளாக வீட்டை விட்டு வெளியே வராத அண்டை வீட்டுக்காரர் பூ ராட்லி ஓடி வந்து பிள்ளைகளைக் காக்கிறார். யூவல் கத்தியால் குத்துண்டு மடிகிறான். காவல் அதிகாரியான ஷெரீப் ஹெக் டேட், யூவல் தன் கத்தியின் மேல் தானே விழுந்து இறந்தான் என்று முடிவு கட்டி, விசாரணைக்கு இடமின்றிச் செய்துவிடுகிறார். ஆட்டிக்கஸும் இறுதியில் இணங்குகிறார்.

அவர் செய்தது சரியா? இதுவே கேள்வி. 'பொய் பொய்தான், சட்டத்தைக் காப்பவர் பொய் சொல்லலாகாது' என்று ஒரு மாணவி எழுதினாளாம். 'பிள்ளைகளின் உயிரைக் காத்தவரை ஊர்வாய்க்கு இரையாக்குவது அறமா?' என்று ஒருவன் விடை எழுதினான். மற்றொருவன் நுட்பமான ஓரிடத்தைச் சுட்டினான். யூவலைக் கொன்றவன் தன் மகனே என்று முதலில் எண்ணிய ஆட்டிக்கஸ், அதனை மூடி மறைக்க ஒருபோதும் சம்மதியேன் என்று பிடிவாதமாக நிற்கிறார். தன் மகன் அல்லன், பூ ராட்லி என்று உணர்ந்தபின்னரே தளர்கிறார். தன் பிள்ளைக்கு வேண்டாத சலுகையை அவர் பிறருக்கு மட்டும் ஏன் அளித்தார்? பக்க எண்ணையும் குறித்திருந்தான் அப்பையன்.

நம் சிறுமி அன்று இரவு எட்டு ஐம்பதுக்குத் தன் பத்தியை எழுதி முடித்தாள். ஒதுங்கி வாழும் அம்மனிதரை வெளிச்சத்திற்கு இழுத்து வருவது பாவம் என்று ஷெரீப் கூறுகிறார். பாடும் பறவையைக் கொல்வது பாவம் என்று முன்னொரு அதிகாரத்தில் ஆட்டிக்கஸ் தம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். ஈரிடத்தும் ஆங்கிலத்தில் ஒரே சொல் வருவதை அவள் கண்டிருந்தாள். அதன்பின் எழுதினாள்: என் தாய்மொழியில் குற்றத்தைக் குறிக்கவும் 'பாவம்' என்போம், துன்புறும் ஒருவரைக் கண்டு இரங்கும்போதும் 'பாவம்' என்போம். பாட்டி நாள்தோறும் பத்து முறையாவது அச்சொல்லைச் சொல்வார். ஷெரீப் பேசுவதைப் படிக்கும்போது, அவர் இரண்டு பொருளிலும் சேர்த்தே அச்சொல்லைச் சொல்வதாக என் காதில் விழுகிறது.

மறுநாள் வகுப்பில் ஆசிரியை அப்பத்தியைப் படித்துவிட்டு, "மேலும் சொல்" என்று கூறி, காத்திருந்தார். எத்தனை வினாடி என்று நமக்குத் தெரியாது. "நாற்பது வினாடி பேசினேன், தாத்தா," என்றாள் சிறுமி. கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டே பேசினாளாம்.

இதனைக் கேட்டு, அங்குள்ளதெல்லாம் பொன் என்று நாம் முடிவு கட்டிவிடவில்லை. அவ்வகுப்பின் கதவு எல்லோருக்கும் ஒருபோல் திறப்பதில்லை. பிள்ளைகளைத் தரம் பிரித்துக் கற்பிக்கும் முறையை ஆராய்ந்து ஜீனி ஓக்ஸ் என்னும் அறிஞர் 1985இல் வெளியிட்ட 'கீப்பிங் டிராக்' என்னும் நூல், வறியோர் பிள்ளைகளும் சிறுபான்மை இனத்தார் பிள்ளைகளும் கீழ்ப்பிரிவுகளில் மிகுதியாகச் சேர்க்கப்படுவதையும், அப்பிரிவுகளில் சிந்திக்கத் தூண்டும் பாடம் குறைந்து காணப்படுவதையும் எடுத்துக் காட்டிற்று. டாம் ராபின்சனின் கதையை ஆனர்ஸ் வகுப்பில் ஆர்வமாக விவாதிக்கும்போது, அவன் இனத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அவ்வட்டத்தில் அமர்ந்திருக்கின்றனர் என்ற கேள்வி நெருடவே செய்கிறது. இதனை உணர்ந்து, ஒன்பதாம் வகுப்பில் இப்பிரிவினையையே நீக்கிவிட்ட மாவட்டங்களும் உண்டு. நீக்கியதை எதிர்க்கும் பெற்றோரும் உண்டு.

மற்றொரு தொல்லை அண்மையில் வந்தது. 2022 நவம்பர் 30 அன்று 'சாட்ஜிபிடி' என்னும் கணினிக் கருவி வெளியானபின், கேட்ட பொருளில் கேட்ட அளவில் கட்டுரை நொடியில் கிடைக்கிறது. இரவு ஒன்பது மணிப் பத்தியைப் பிள்ளை எழுதினாளா, கருவி எழுதிற்றா? 'இது உன் கருத்தா?' என்ற பழைய கேள்வி இப்போது வேறு தொனியில் ஒலிக்கிறது. அதனால் பல ஆசிரியர் மீண்டும் தாளையும் பேனாவையும் கொடுத்து வகுப்பிலேயே எழுத வைக்கின்றனர். எனினும் பாட்டி சொல்லும் 'பாவத்தை' அக்கருவி எங்கிருந்து எடுத்து எழுதியிருக்கும் என்று நாம் கேட்டபோது, சிறுமி சற்று எண்ணிவிட்டு, "எழுதினாலும் எழுதும், தாத்தா. ஆனால் மறுநாள் 'மேலும் சொல்' என்று டீச்சர் கேட்பார்களே!" என்றாள்.

தந்தைக்கு இன்னும் ஒரு குறை உண்டு. வீட்டில் எதைச் சொன்னாலும் மகள் காரணம் கேட்கிறாளாம். இரவு பத்து மணிக்குக் கைப்பேசியை வைத்துவிடு என்றால், 'ஏன் பத்து, ஏன் பத்தரை அன்று?' என்று கேட்கிறாளாம். தாய் குறுக்கிட்டு, "முன்பு வாய் பேசாமல் பத்தரை வரை பார்ப்பாள், இப்போது கேட்டுவிட்டுப் பத்துக்கு வைத்துவிடுகிறாள்," என்றார். கணவனும் மனைவியும் இதில் இன்னும் உடன்படவில்லை. நாமும் இடையில் புகவில்லை.

புறப்படும் வேளையில் சிறுமி நம்மிடம் கேட்டாள்: "தாத்தா, ஷெரீப் செய்தது சரியா? உங்கள் கருத்து என்ன?" சரிதான் என்று உடனே விடை சொன்னோம். எதனால் என்று கேட்டாள். இரக்கம் சட்டத்தினும் பெரிது என்றோம். "புத்தகத்தில் எந்த இடத்தில் அப்படி இருக்கிறது?" என்றாள். ஆங்கில ஆசிரியராக அத்தனை ஆண்டு இருந்தும் அந்நாவலை நாம் படித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவள் தன் பிரதியை, ஓரக் குறிப்புகளுடன், நம்மிடமே விட்டுச் சென்றாள்.

மூன்று வாரத்தில் படித்து முடித்தோம். முப்பதாம் அதிகாரத்தை மட்டும் நான்கு முறை. இறந்தோரை அடக்கம் செய்வது பற்றி நம் ஆண்டவர் சீடனாக விரும்பிய ஒருவனிடம் கூறிய சொல்லை அங்கே ஷெரீப் எடுத்தாள்கிறார். நற்செய்தியில் அச்சொல், ஒருவனை எழுந்து தம் பின்னே வரும்படி அழைப்பது. ஷெரீப்போ அதனைக் கொண்டு ஒரு வழக்கை மூடுகிறார். சிறுமியின் ஓரக் குறிப்பில் இவ்விடம் வெறுமையாக இருந்தது. சரியென்று அன்று சொன்ன விடையில் இப்போது நமக்கே முழு உறுதி இல்லை. பக்க எண் குறித்து, இதனையெல்லாம் அவளுக்குக் கடிதமாக எழுதி அனுப்பியுள்ளோம். விடை இன்னும் வரவில்லை.